அட்டையில் எஞ்சிய இரண்டு எழுத்துகள்

சென்ற மழைக்காலத்தில் என் மேசைமீதிருந்த குறிப்பேடு ஒன்றின் அட்டை ஈரத்தால் உப்பி, உள்பக்கத் தாள் பசைவிட்டுப் பிரிந்தது. ஆய்வின் பொருட்டு அகமதாபாத்தில் தங்கியிருந்தபோது வாங்கியது அது. மேலே கச்சுப் பகுதியைச் சேர்ந்த பழைய பூத்தையல் துணி. உள்ளே கையால் செய்த பருத்தித் தாள். பழந்துணியை மறுபயன்படுத்திச் செய்தது என்ற பொருளில் விலைச்சீட்டில் ஒரு வரி இருந்தது. எந்த ஊர்த் துணி, எக்காலத்தது, யார் தைத்தது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாங்கிய நாளில் அது எனக்குக் குறையாகவும் படவில்லை.

பிரிந்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். துணியை உள்ளே மடித்து ஒட்டிய ஓரத்தில், கத்தரிக்கோல் பட்ட இடத்தை ஒட்டி, சிவப்பு நூலால் தைத்த குஜராத்தி எழுத்துகள் இரண்டு இருந்தன: ‘பென்’. குஜராத்தியில் அதற்கு உடன்பிறந்தாள் என்று பொருள். பெண்களின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்காகச் சேர்ப்பது. தைத்தவள் தன் பெயரையோ, தன் மகளின் பெயரையோ முழுமையாகத்தான் எழுதியிருப்பாள். பெயர் கத்தரிக்கு அப்பால் போய்விட்டது. எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒட்டு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தகைய குறிப்பேடுகள் இன்று ஜெய்ப்பூரிலிருந்து கொல்கத்தா வரை கைவினைக் கடைகளில் எங்கும் கிடைக்கின்றன. நம்மில் பலர் அவற்றை வாங்குகிறோம். ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டுசென்று குறிப்பும் எடுக்கிறோம். ஆனால் குறிப்பேட்டையே ஓர் ஆவணமாக யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் மூன்று வரலாறுகள் அதில் ஒன்றுசேர்ந்திருப்பது தெரியும்: துணியால் ஏட்டைக் கட்டிய வரலாறு, துணியே தாளான வரலாறு, உடுத்திய துணி கைமாறிய வரலாறு.

முதலில் கட்டின் வரலாறு. இந்தியச் சுவடி மரபில் ஏடுகள் தனித்தனியாக இருந்தன. மேலும் கீழும் பலகை வைத்து, கயிற்றால் கட்டி, துணியில் சுற்றி வைப்பதே வழக்கம். தாள் வந்த பின்னும் வடஇந்தியப் போதிகள் நெடுங்காலம் அவ்வாறே இருந்தன. அந்தச் சுற்றுத் துணி காப்பகங்களின் சொல்வழக்கில் இன்றும் உயிரோடிருக்கிறது. புனேயிலுள்ள பேஷ்வா தப்தர் ஆவணக் கட்டுகளுக்குப் பெயர் ‘ருமால்’; வடக்கே பல இடங்களில் ‘பஸ்தா’. இரண்டும் துணியைக் குறிக்கும் சொற்கள். துணி அங்கே ஆவணத்தின் உறையாக இருந்ததோடு, ஆவணத்தை எண்ணும் அலகாகவும் ஆயிற்று.

தைத்துக் கட்டிய ஏட்டில் துணியை நிலையாக அமர்த்தியவர்கள் மேற்கிந்திய வணிகர்கள். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வழங்கிய ‘பஹி’ என்னும் கணக்கேடு நீண்ட தாள்களை அடுக்கி, மடித்து, தடித்த வெள்ளை நூலால் தைத்து, முரட்டுச் சிவப்புப் பருத்தித் துணியால் போர்த்தியது. மேலட்டை சற்று நீண்டு, ஏட்டைச் சுற்றிவந்து கயிற்றில் முடியும். தோல் அட்டையைத் தவிர்க்க விரும்பிய சமண, வைணவ வணிகக் குடும்பங்களுக்குத் துணி உகந்ததாக இருந்தது. சிவப்பு மங்கலமாகவும் இருந்தது. தீபாவளியன்று குஜராத்தில் புதுக்கணக்கேட்டுக்குச் செய்யும் வழிபாடும், வங்கத்தில் ஆண்டுப் பிறப்பன்று ‘ஹால்கத்தா’ திறக்கும் வழக்கமும் இந்தச் சிவப்பு ஏட்டைச் சுற்றியவையே. 2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தோல்பெட்டிக்கு மாற்றாகச் சிவப்புத் துணியில் கட்டிய வரவுசெலவு ஆவணத்துடன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, நாடு முழுவதும் அதை ‘பஹி காத்தா’ என்று உடனே அடையாளம் கண்டதற்கு இந்த நீண்ட பழக்கமே காரணம்.

பஹி வணிகருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அரசுகள் ஆணைகளைப் பதிந்தன. ஹரித்வாரின் பண்டாக்கள் யாத்திரிகர்களின் குலவரிசையைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தனர். பிக்கானேரிலுள்ள ராஜஸ்தான் அரசு ஆவணக்காப்பகத்தில் இவை பெருந்தொகுதிகளாக இருக்கின்றன. கைவினைஞர் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஜோத்பூர் அரசின் ‘சனத் பர்வானா பஹி’களை அறிந்திருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மார்வாரின் கைவினைச் சாதியினர் அரசுக்கு முறையிட்டதையும், அதற்கு அரசு பிறப்பித்த ஆணைகளையும் அவை தாங்கியுள்ளன. நந்திதா பிரசாத் சகாய் 2006இல் வெளியிட்ட நூல் இவற்றை அடிப்படையாகக் கொண்டே எழுந்தது. குயவரும் நெசவாளரும் சாயக்காரரும் வரியை எதிர்த்தும் வழக்கை வலியுறுத்தியும் பேசியதை நாம் இன்று அறிவது, துணி போர்த்திய அந்த ஏடுகள் பிழைத்ததால்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைவினைஞரின் பெயரைக் காத்துத் தந்ததும் துணிக்கட்டு ஏடுதான்; என் மேசைமீது பெயரை இழந்து நின்றதும் துணிக்கட்டு ஏடுதான்.

இரண்டாவது, தாளின் வரலாறு. குறிப்பேட்டின் மேலே மட்டுமா துணி? உள்ளே இருப்பதும் துணியே. இந்தியக் கைத்தாள் பழந்துணி, கந்தல், பழங்கயிறு, சணல் கோணி, கழித்த தாள் ஆகியவற்றைக் கூழாக்கிச் செய்யப்பட்டது. கந்தலை வெட்டி, ஊறவைத்து, இடித்து, தொட்டியில் கரைத்து, புல்குச்சிகளால் பின்னிய சல்லடையால் அள்ளியெடுப்பார்கள். ஈரத் தாளைச் சுவரில் ஒட்டி உலர்த்தி, கஞ்சி தடவி, மழமழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இத்தொழிலைச் செய்த முஸ்லிம் குடும்பங்களுக்குத் தொழிலே பெயராயிற்று: காகஸி. ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள், தொழிலும் செய்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஆலைத்தாள் ஒருபுறமும், காலனிய அரசு சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு செய்வித்த தாள் மறுபுறமும் காகஸிகளை நெருக்கின. அரசு அலுவலகமே அவர்களின் பெரிய வாடிக்கையாளர். அந்த அலுவலகம் சிறைத்தாளையும் ஆலைத்தாளையும் நாடியபோது தொழில் தளர்ந்தது. மீட்சிக்கான முயற்சி 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தோடு வந்தது. வார்தாவின் மகன்வாடியில் அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. தணிக்கையாளராகப் பயின்று பொருளியல் சிந்தனையாளரானவர். கைத்தாளும் அவர் எடுத்துக்கொண்ட தொழில்களில் ஒன்று. அமெரிக்கத் தாள் வரலாற்றாளர் டார்ட் ஹன்டர் இந்தியாவில் பயணம் செய்து, தாள் மாதிரிகளை வைத்துக் கட்டிய தம் நூலை 1939இல் வெளியிட்டபோது, நலிந்த பழந்தொழிலும் காந்தியரின் புதுமுயற்சியும் அருகருகே இருந்தன. இன்று சாங்கானேரில் இயங்கும் தேசியக் கைத்தாள் நிறுவனம் குமரப்பாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கந்தல் இப்போது வீடுகளிலிருந்து வருவதில்லை. பின்னலாடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெண்பருத்தி வெட்டுத்துண்டுகளே முக்கிய மூலப்பொருள். ஆகவே என் குறிப்பேட்டின் உள்ளே இருப்பது யாரும் உடுத்தாத துணி. வெளியே இருப்பது ஒருத்தி உடுத்திய துணி. இந்த வேறுபாடு முக்கியமானது. தாளாகும் துணிக்கு நினைவேதும் இல்லை. கூழில் எல்லாம் கரைந்துவிடும். அட்டையாகும் துணி அதன் அழகையும் பழமையையும் காட்டித்தான் விலை பெறுகிறது. நினைவை விலையாக்கிக்கொண்டு, நினைவுக்கு உரியவளை விட்டுவிடுவது அங்கேதான் நிகழ்கிறது.

பழந்துணிக்கு மறுவாழ்வு தருவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வங்கத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் தைத்த ‘காந்தா’ இதற்குச் சிறந்த சான்று. போர்வையாக, குழந்தையின் விரிப்பாக மட்டுமன்றி, ஏடுகளைச் சுற்றிவைக்கும் சதுரத் துணியாகவும் காந்தா தைக்கப்பட்டது. பழைய சேலை ஏட்டுக்கு உறையாவது அங்கே வீட்டு வழக்கம். ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றி எழுதினார். குருசதய் தத் திரட்டிய காந்தாக்கள் கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. அத்தொகுப்பில் புகழ்பெற்ற ஒன்று மானதாசுந்தரி தாசி தன் தந்தைக்காகத் தைத்தது. தைத்தவள் பெயரும் யாருக்காக என்பதும் துணியிலேயே தையலாக இருக்கின்றன. சேலை அழிந்து காந்தாவானது. ஆயினும் பெயர் அழியவில்லை. ஏனென்றால் பழையதைப் புதியதாக்கிய கையும் அதை உடுத்திய உடலும் ஒரே வீட்டில் இருந்தன.

கச்சுத் துணி அகமதாபாத்துக் கடைக்கு வந்த பாதை வேறு. ரபாரி, ஆஹிர், ஜத், சோடா, முத்வா எனக் கச்சின் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் தையல் மரபு உண்டு. கண்ணாடி பதிக்கும் முறையையும் இழை போகும் திசையையும் கொண்டே எவருடையது என்று அங்கே அறிந்துவிடலாம். வாயில் தோரணம், சுவரில் தொங்கும் சதுரமான ‘சாக்ளா’, ரவிக்கை, பாவாடை, சீர்ப்பொருள் வைக்கும் பை என ஒரு பெண் பல ஆண்டுகள் தைத்தது அவளுடைய திருமணச் சீராயிற்று. அது அலங்காரம் மட்டுமன்று. இடருற்ற காலத்தில் விற்கக்கூடிய உடைமையும் ஆகும்.

இடர் அடிக்கடி வந்தது. 1969 வறட்சியின்போது நிவாரணப் பணிக்குச் சென்ற சந்தாபென் ஷ்ரோஃப், இலவச உணவை ஏற்கத் தயங்கிய பெண்களுக்குத் தையல் வேலை கொடுத்துக் கூலி வழங்கத் தொடங்கினார். ‘ஸ்ருஜன்’ அவ்வாறு உருவானது. புதிதாகத் தைக்கும் வேலைக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. வீட்டிலிருந்த பழைய சீர்த்துணிகளுக்கான சந்தை தனியே வளர்ந்தது. ஊர் ஊராகச் சென்று அவற்றை வாங்கி நகரங்களில் விற்கும் வணிகம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகியது. 1995இல் ரபாரிகளின் தெபரியா பிரிவில் சமூகப் பஞ்சாயத்து, தம் பெண்கள் தமக்கென்று கையால் பூத்தையல் செய்வதையே தடைசெய்தது. சீர் முழுவதும் தைத்து முடிக்காமல் பெண் கணவன் வீடு செல்ல முடியாது என்ற நிலையில், எதிர்பார்ப்பு ஏற ஏற, பெண்கள் பிறந்த வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ரபாரித் தையலை நெடுங்காலம் ஆய்ந்த ஜூடி ஃபிரேட்டர் இதைப் பதிவுசெய்துள்ளார். தடைக்குப் பின், இனி உடுத்த இயலாத பழைய துணி வீட்டில் என்னவாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. தையல் அழகை மட்டும் பார்க்கும் நாம் அந்தத் துணிக்குள் இருந்த காத்திருப்பைப் பார்ப்பதில்லை. அத்துணியை விற்ற பெண்ணை ஏமாந்தவளாகவே கற்பனை செய்வதும் சரியன்று. சீர் அவளுடைய சொத்து. அதைப் பணமாக்கும் உரிமையும் அவளுடையது. விற்றதில் அவளுக்கு விடுதலைகூட இருந்திருக்கலாம். நம் வினா விற்பனை பற்றியது அன்று. விற்ற பின் அவளைப் பற்றிய செய்தி எந்தக் கட்டத்தில் உதிர்ந்தது என்பது பற்றியது.

பழந்துணி வணிகத்தின் நடைமுறையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. லூசி நோரிஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வு டெல்லியை மையமாகக் கொண்டது. வாக்ரி சமூகப் பெண்கள் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து வீடு வீடாகச் சென்று பழந்துணியோடு பண்டமாற்றுச் செய்கிறார்கள். மேற்கு டெல்லியின் ரகுபீர் நகரில் விடிகாலையில் கூடும் சந்தையில் அத்துணி கைமாறுகிறது. நல்லவை மறுபடி உடுத்தப்படும். சரிகைச் சேலை வெள்ளிக்காக எரிக்கப்படும். பட்டு மெத்தை உறையும் பையுமாகும். எதற்கும் உதவாதது இயந்திரம் துடைக்கும் கந்தலாகும். பழைய பட்டுச் சேலைக்குப் பாத்திரம் என்ற கூவலைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. தரம்பிரிக்கும் ஒவ்வொரு படியிலும் துணிக்குப் புதுப்பெயர் கிடைக்கிறது: பட்டு, பருத்தி, சரிகை, கிழிசல். இன்னாருடைய சேலை என்பது வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. தரம்பிரிப்பவர் கொடியவர் அல்லர். அவருடைய சந்தையில் அந்தச் செய்திக்கு விலையில்லை, அவ்வளவே. விலையில்லாத செய்தியை யாரும் சுமப்பதில்லை.

இறுதியில் துணி பைண்டரின் மேசைக்கு வருகிறது. அவருடைய அறிவை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. பூத்தையல் துணியை நேரே அட்டையில் ஒட்டினால் பசை ஊறி மேலே கறை தெரியும்; எனவே முதலில் பின்புறம் மெல்லிய தாள் ஒட்டி உலர்த்த வேண்டும். மைதாப் பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. கண்ணாடி பதிந்த பகுதி முதுகிலும் மடிப்பிலும் வரலாகாது. வந்தால் ஏடு திறக்கும்போது உடையும். இரும்புச் சேர்மத்தால் ஏற்றிய கறுப்புச் சாயம் இழையை அரிக்கும். எனவே பழந்துணியில் கறுப்பு நிறப் பகுதியே முதலில் உதிரும், அதையும் விலக்க வேண்டும். நடுப்பூ அட்டையின் நடுவில் அமைய வேண்டும். இத்தனையும் பார்த்துக் கத்தரி வைக்கும்போது, எழுத்திருக்கும் ஓரம் மடிப்புக்குள் போவது இயல்பே. எழுத்து அவருக்கு வடிவத்தைக் கெடுக்கும் ஒரு புள்ளி. அவரிடம் யாரும் வேறுவிதமாகச் சொன்னதில்லை.

துணியை வெட்டி ஏட்டில் வைப்பதில் அறிஞர்களின் கையும் சுத்தமன்று. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணி மாதிரிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்தார்: 700 மாதிரிகள், 20 படிகள். ஏழு படிகள் இந்தியாவுக்கு வந்தன, மற்றவை பிரிட்டனில் வைக்கப்பட்டன. முழுச் சேலையும் தலைப்பாகையும் அதற்காகத் துண்டுகளாயின. ஒவ்வொரு துண்டின் அருகிலும் ஊர், அளவு, எடை, விலை எனக் குறிப்புகள் இருந்தன. மான்செஸ்டர் உற்பத்தியாளருக்கு வேண்டியவை அவை. நெய்தவர் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கைவினைக் கடையின் விலைச்சீட்டு அந்தப் பட்டியலின் வழித்தோன்றல். முன்னது ஊரையாவது குறித்தது.

வேறுவிதமாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு நம் புத்தக வரலாற்றிலேயே சான்றுண்டு. 1958இல் பி. லால் கல்கத்தாவில் தொடங்கிய ‘ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்’ இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளையும் கதைகளையும் கைத்தறிச் சேலைத் துணியால் கட்டி வெளியிட்டது. விக்ரம் சேத்தின் முதல் கவிதைத் தொகுப்பும் அங்கிருந்தே வந்தது. அங்கே பயன்பட்டது பெரும்பாலும் புதுத் துணி. ஆகவே அது என் குறிப்பேட்டுக்கு நேரான ஒப்புமை ஆகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நூலின் உள்ளே ஒரு குறிப்பு இருக்கும். எந்த வகை அச்செழுத்து, எத்தகைய அச்சுப்பொறி, எழுத்தணி யாருடையது என்பவற்றோடு, கையால் தைத்து ஒட்டிக் கட்டியவர் பெயரும் அதில் அச்சாகியிருக்கும்: துலாமியா மொகியுத்தீன். கவிஞர் பலர் மறக்கப்பட்டனர். பைண்டரின் பெயரோ அந்நூலைத் திறக்கும் ஒவ்வொரு வாசகர் கண்ணிலும் படுகிறது. இதற்கு ஆன கூடுதல் செலவு ஒரு வரி அச்சு மட்டுமே.

அந்த ஒரு வரியைத்தான் பழந்துணிக் குறிப்பேடுகளிடமும் கேட்கிறேன். முழு வரலாற்றை எந்த வணிகரும் தர இயலாது. வாங்கிய ஊர், எத்தகைய ஆடை அல்லது தொங்கல், எந்தச் சமூகத்தின் தையல், யார் கட்டியது என்ற நான்கு செய்திகள் போதும். தெரியாததைத் தெரியாது என்றே குறிக்கலாம். துணியில் எழுத்திருந்தால் அதை வெட்டாமல், மடிப்புக்குள் மறைக்காமல், பின்னட்டையில் வரும்படி வைக்கலாம். இவ்வாறு செய்தால் கிழிந்த துணியைக் கந்தலாகாமல் காப்பதாகச் சொல்வது மெய்யாகும். அருங்காட்சியகங்களால் எல்லாத் துணியையும் ஏற்க முடியாது. கத்தரியே கூடாது என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. எங்கே வெட்டினோம் என்பதை எழுதிவைப்பது நடைமுறைக்கு உட்பட்டதே.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் இத்தகைய குறிப்பேடு இருந்தால், எழுதி முடித்ததும் எறிந்துவிடாதீர்கள். அட்டையின் முன்புறத்தையும், இயன்றால் உள்மடிப்பையும் படமெடுத்து, வாங்கிய இடத்தையும் நாளையும் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். தையலின் பின்புறம் முன்புறத்தைவிட அதிகம் பேசும். முடிச்சு போட்ட விதம், இடையில் நூல் மாறிய இடம், ஒட்டுப்போட்ட கிழிசல் எல்லாம் அங்கேதான் இருக்கும். சனத் பர்வானா பஹிகளில் ஒரு சாயக்காரரின் பெயரைக் கண்டால் மகிழ்ந்து அடிக்குறிப்பு எழுதுகிறோம். கையிலிருக்கும் ஏட்டின் அட்டைக்கும் அதே மரியாதை உரியது.

என் குறிப்பேட்டை மறுபடி ஒட்டிவிட்டேன். அந்த ஓரத்தை மட்டும் மடிக்காமல் வெளியே விட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் அகமதாபாத் என்றும், வாங்கிய ஆண்டையும் எழுதி, கீழே ‘பென்’ என்று குறித்து, அதற்கு முன்னால் ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.